மறைத்த கடனும் எழுதிய கடனும்

(அறக்கட்டளையின் விழாவையொட்டி வியாசர்பாடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசுமாறு பணித்தபோது 'இல்லறமும் பொருளும்' என்னும் தலைப்பைத் தந்தனர். அது கடல் போன்ற தலைப்பு. அதில் ஒரு துறையில் மட்டும் இறங்க விரும்புகிறேன். இல்லறத்தார் தாம் பட்ட கடனிலிருந்து மீள்வது எவ்வாறு என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். விழா மேடையில் கடனைப் பற்றிப் பேசுவது மங்கலம் ஆகாது என்று கருதுவோர் இருக்கலாம். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். இவ்வரங்கில் அமர்ந்திருப்போருள் எத்தனை பேர் வீட்டு வாயிலில் இன்று காலை தண்டல்காரர் வந்து நின்றார் என்பதை நாம் அறியோம். அறியமுடியாதபடி ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொள்கிறோம். அந்த மறைப்பைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

தமிழாசிரியனாகக் காலம் கழித்தவன் ஆதலால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'கடன்' என்னும் சொல்லுக்குத் தமிழில் முதற்பொருள் கடமை என்பதாகும். பெற்றோர் மக்களுக்குச் செய்வதும் கடன். காலையில் எழுந்து செய்வதும் கடன். செய்ந்நன்றிக்குத் திருப்பிச் செய்வதும் கடன். அதே சொல்லைத்தான் மளிகைக் கடைப் பாக்கிக்கும் வைத்தனர் நம் முன்னோர். செய்து முடிக்க வேண்டிய ஒன்று என்ற குறிப்பு அதில் உண்டே தவிர, வெட்கப்பட வேண்டிய ஒன்று என்ற குறிப்பு இல்லை. 'தண்டல்' என்பதும் பழைய சொல்லே. தண்டுதல் என்றால் திரட்டுதல். அரசர் காலத்தில் வரி திரட்டுவதற்கு வழங்கியது. இன்று வட சென்னைத் தெருக்களில் இருசக்கர வண்டியில் வந்து நாள்தோறும் நூறு ரூபாய் திரட்டிச் செல்பவருக்கு அச்சொல் வந்து சேர்ந்திருக்கிறது. 'கந்து' என்பது யானையைக் கட்டும் தறி. கந்து வட்டி என்னும் வழக்கு எங்கிருந்து பிறந்ததாயினும் ஆகுக, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காலில் சங்கிலியுடன் நிற்கும் யானைதான் கண்முன் வருகிறது.

இனி இலக்கியத்துக்கு ஒரு நொடி வாருங்கள். சிலப்பதிகாரத்தில் கோவலன் குலப்பொருளைத் தொலைத்துவிட்டு வீடு திரும்புகிறான். மனைவியிடம் தன் வெட்கத்தைச் சொல்லுகிறான். அவள் சிலம்பு இருக்கிறது என்கிறாள். அதை முதலாகக் கொண்டு மதுரையில் வணிகம் செய்வோம் என்று முடிவு செய்து, அன்றிரவே, பொழுது புலருமுன், பெற்றோருக்கும் சொல்லாமல் இருவரும் புகாரைவிட்டு வெளியேறுகின்றனர். அதன் பிறகு நடந்தவை நமக்குத் தெரியும். நான் மாணவர்க்கு இப்பகுதியை நடத்தும்போது ஒரு வினா கேட்பதுண்டு. கோவலனின் தந்தை மாசாத்துவான் அப்போது வறியவனா? இல்லை. மகன் இறந்த செய்தி கேட்டபின் அவன் தன்னிடமிருந்த பெரும்பொருளைத் தானமாக வழங்கிவிட்டுத் துறவு பூண்டான் என்று காப்பியம் பின்னர்ச் சொல்கிறது. மருமகளின் தந்தை மாநாய்கனும் அவ்வாறே செய்தான். ஆகவே பொருள் இருந்தது; அதே ஊரில் இருந்தது; கேட்டால் கொடுக்கும் கையில் இருந்தது. கேட்க நாணி இருளில் புறப்பட்டான் மகன். ஊழ்வினை என்று இளங்கோவடிகள் கூறுவதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த இரவில் அவன் தந்தையின் கதவைத் தட்டியிருக்கலாம் என்னும் எண்ணத்தை என்னால் விலக்க முடிவதில்லை.

நம் பகுதியின் கதைக்கு வருகிறேன். வியாசர்பாடிக்கு அண்டையில் பெரம்பூரில் ஓங்கி நின்றவை பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். மக்கள் வாயில் அது 'பின்னி மில்லு'. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது அவ்வாலைத் தொழிலாளரிடையேதான். தமிழ்த் தென்றல் திரு.வி.க. அச்சங்கத்துக்கு உழைத்த வரலாறு தமிழ் படித்தோர் அறிந்தது. 1921-இல் நிகழ்ந்த வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. கூலி நின்ற மாதங்களில் அடுப்பு எதனால் எரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தொழிலாளர் கடன் அந்நாளிலேயே அரசின் கண்ணில் பட்டது. 1929-இல் அமைக்கப்பட்ட அரச தொழிலாளர் ஆணையம் 1931-இல் தன் அறிக்கையைத் தந்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடனில் இருப்பதாகவும், அவர்களுள் பெரும்பாலோரின் கடன் மூன்று மாதக் கூலிக்கும் மிகுதி என்றும் அது மதிப்பிட்டது. கூலி நாளன்று ஆலை வாயிலில் கடன் கொடுத்தவர் காத்து நிற்பது அந்நாளைய வழக்கம். அதைக் குற்றமாக்கி வங்காளத்தில் 1934-இல் ஒரு சட்டமே வந்தது. இந்த ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. மாதக் கூலி போயிற்று. துறைமுகச் சரக்குப் பெட்டக நிலையம், காசிமேட்டு மீன் ஏலம், மணலித் தொழிற்சாலைகளின் ஒப்பந்த வேலை, சுமை வண்டி, வீட்டு வேலை என்று வருவாய் நாட்கூலியாகச் சிதறியது. நாள்தோறும் வருவாய் வருகின்ற வீட்டுக்கு நாள்தோறும் திரட்டுகின்ற கடன் பொருந்திவிட்டது. ஆலை வாயிலில் நின்றவர் வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டார். இடைப்பட்ட காலத்தில் மாறியது இவ்வளவுதான்.

நம் குடும்பங்களில் பல ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்திலிருந்து பிழைப்புக்கும் படிப்புக்கும் இந்நகரம் வந்தவை. ஊரில் நிலம் உண்டு, கோயில் உண்டு, சுற்றம் உண்டு என்ற பெயர் நமக்கு. அப்பெயரே இங்கு ஒரு சுமை. 'பட்டணத்தில் நன்றாக இருக்கிறார்கள்' என்று ஊரார் எண்ணுவதைக் கலைக்க மனம் வருவதில்லை. ஆகவே அண்டை வீட்டாருக்குத் தெரியாமல், அண்ணன் தம்பிக்குத் தெரியாமல், சில வீடுகளில் மனைவிக்கே தெரியாமல் கடன் வளர்கிறது. கடன் கொடுப்பவருள் கொடியவர் இதை நன்கு அறிவர். 'வீட்டுக்கு வந்து சத்தம் போடுவேன்' என்னும் ஒரு மிரட்டல்தான் அவர்களுடைய படைக்கலம். வீட்டில் உள்ள அனைவருக்கும் முன்பே தெரிந்துவிட்ட கடனுக்கு அந்தப் படைக்கலம் உதவாது. நான் காணும் முதல் உண்மை இதுவே. வட்டி விகிதம் கொல்வதற்கு முன்பே மறைப்பு கொல்லத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளில் எழுதுவது. பள்ளிப் பிள்ளையின் நான்கு கோட்டு நோட்டாயினும் போதும். யாரிடம், எவ்வளவு வாங்கினோம், கையில் வந்தது எவ்வளவு, இதுவரை கொடுத்தது எவ்வளவு, இன்னும் நிற்பது எவ்வளவு, வட்டி என்ன, ஈடாக வைத்தது என்ன. கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து எழுத வேண்டும். பருவம் வந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களும் அருகில் இருக்கலாம். பிள்ளைகள் மனம் நோவர் என்று அஞ்ச வேண்டா. கதவைத் தட்டும் ஓசை கேட்டு அம்மா உள்ளறைக்குப் போவதை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கின்றனர். காரணம் தெரியாத அச்சத்தைவிடக் காரணம் தெரிந்த கணக்கு அவர்களுக்கு இலேசானது.

எழுதும்போது ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள். எல்லாக் கடனையும் நம் தெரு மொழியில், அதாவது நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று எழுதுங்கள். இரண்டு வட்டி, மூன்று வட்டி, ஐந்து வட்டி என்கிறோமே, அப்படி. வங்கியும் நிறுவனமும் ஆண்டுக் கணக்கில் பேசும்; தெரு மாதக் கணக்கில் பேசும்; தண்டல்காரர் நாட்கணக்கில் பேசுவார். மூன்றும் மூன்று மொழியாக இருப்பதால் எது பெரிது என்று தெரியாமல் போகிறது. ஒரே மொழிக்குக் கொண்டுவந்தால் வியப்பான சில செய்திகள் வெளிப்படும்.

தண்டலை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் என்று பேசி 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகின்றனர். நாள் ஒன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். '1,500 தானே வட்டி' என்று தோன்றும். ஆனால் 8,500 ரூபாய் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போகத் தொடங்கிவிடுகிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு வருகிறது. தெரு மொழியில் அது பத்து வட்டி. பத்து வட்டிக்குக் கடன் வாங்குவாயா என்று கேட்டால் 'ஐயையோ' என்று காதைப் பொத்துகின்ற அம்மையார், தண்டல் அட்டையை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

கடன் அட்டையைப் பாருங்கள். அது பளபளப்பான அட்டை; குளிரூட்டிய கடையில் நீட்டலாம். பல அட்டைகளில் மாதம் மூன்றரை விழுக்காடு வரை வட்டி. அதாவது மூன்றரை வட்டி. ஒரு லட்சம் பாக்கி நிற்கும்போது 'குறைந்தபட்சத் தொகை' என்று 5,000 ரூபாய் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் வட்டி 3,500. அவ்வட்டியின் மீது பதினெட்டு விழுக்காடு சரக்கு சேவை வரி 630. முதலில் கழிவது 870 ரூபாய். ஐயாயிரம் கொடுத்து 870 ரூபாய்க் கடன் தீர்க்கும் வாணிகம் உலகில் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டிக்கும் கைப்பேசிக்கும் தவணை கொடுக்கும் சிலர் 'ஆண்டுக்குப் பன்னிரண்டு விழுக்காடுதான்' என்பர். தொடக்க முதலுக்கே மூன்றாண்டும் வட்டி போட்டுத் தவணை பிரித்தால், குறைந்துவரும் பாக்கிக்கு அது உண்மையில் 21 விழுக்காட்டைத் தாண்டும். இப்போது வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடனுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான ஆண்டு விகிதத்தைக் காட்டும் விவரத்தாள் ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் இடத்தில் கையெழுத்திட வேண்டா.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனையாக நிறுத்திக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவர் பெட்டக நிலையத்தில் கணக்கர். மனைவி வீட்டில் தையல். இருவரும் சேர்ந்து மாதம் 34,000 ஈட்டுகின்றனர். வாடகை, உணவு, பள்ளி எல்லாம் 26,000. கடனுக்கு மிஞ்சுவது 8,000. அவர்கள் தாளில் எழுதியது இது. தண்டலில் இன்னும் 6,000 பாக்கி. மாதம் 3,000 போகிறது. தெரிந்தவரிடம் ஐந்து வட்டிக்கு 40,000. மாதம் 2,000 வட்டி மட்டும். கடன் அட்டையில் 60,000, மாதம் 3,000. தனியார் நகைக்கடன் நிறுவனத்தில் இரண்டு வட்டிக்கு 1,20,000, மாதம் 2,400. கூட்டினால் 10,400. கையில் இருப்பதோ 8,000. குறையும் 2,400 ரூபாய்க்கு என்ன செய்வர்? இன்னொரு தண்டல் எடுப்பர். அவர்களுடைய மொத்தக் கடன் 2,26,000. அவர்கள் சோம்பேறிகள் அல்லர், குடிகாரரும் அல்லர். மாதந்தோறும் பத்தாயிரம் கட்டியும் கடன் ஏறுகிறதே என்று தலைவிதியை நோகின்றனர்.

இக்குடும்பம் மீள வழி உண்டு. நகை அடகு வைத்த நாளைவிடத் தங்கத்தின் விலை இன்று ஏறியிருக்குமானால், அதே நகைக்குப் பொதுத்துறை வங்கியில் 1,66,000 கிடைக்க வாய்ப்புண்டு. வட்டி ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டை ஒட்டியது என்று கொள்வோம். அத்தொகையால் பழைய நகைக்கடன், தண்டல், ஐந்து வட்டி மூன்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். நகைக்கு மாத வட்டி 1,383 ரூபாய் ஆகும். மீதம் 6,600 ரூபாய் முழுவதையும் அட்டைக்குக் கட்டினால் பன்னிரண்டு மாதத்தில் அட்டை தீரும். அதன்பின் 8,000 முழுவதையும் நகைக்குக் கட்டினால் இன்னும் இருபத்து மூன்று மாதத்தில் நகை கழுத்துக்கு வரும். மொத்தம் மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவு. வருவாய் ஒரு ரூபாயும் கூடவில்லை. செலவும் குறையவில்லை. கடன் இருந்த இடம் மட்டும் மாறியது. வங்கி நகைக்கடனை ஆண்டு முடிவில் வட்டி செலுத்திப் புதுப்பிக்க வேண்டும் என்பதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். மறந்தால் நகை ஏலத்துக்குப் போகும்.

எதை முதலில் அடைப்பது என்று கேட்பர். வட்டி மிகுந்ததை முதலில் என்பது கணக்கு. வாயிலுக்கு வருவதை முதலில் என்பது என் கருத்து. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். தண்டல்காரர் வராத முதல் காலையில் அந்த வீட்டாருக்குக் கிடைக்கும் மூச்சு, அடுத்த மூன்றாண்டுக்கு அவர்களை நடத்திச் செல்லும். கணக்கர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். பரவாயில்லை.

நம் ஆகமம் வினையைப் பற்றிச் சொல்லும் வரிசை இங்கு எனக்கு மிகவும் உதவியது. ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்பர். வினை வந்து சேர்வது ஊற்று. வரும் வாயிலை அடைப்பது செறிப்பு. சேர்ந்ததைக் களைவது உதிர்ப்பு. வாயிலை அடைக்காமல் உதிர்க்க முனைவது, ஓட்டைப் படகில் நீரை இறைப்பது போன்றது. மேற்சொன்ன குடும்பம் அட்டையை வெட்டிப் போடாமல் நகையை மட்டும் மாற்றியிருந்தால், ஓராண்டில் வங்கிக் கடனும் நிற்கும், புதிய தண்டலும் நிற்கும், அட்டையும் நிற்கும். கடனை மாற்றிய பலர் முன்னிலும் ஆழத்தில் விழுவது இதனால்தான். எனவே எழுதிய தாளின் அடியில் மூன்றாண்டுக்குப் புதுக்கடன் இல்லை என்று இருவரும் கையொப்பமிடுவது நன்று. மருத்துவத்துக்கு மட்டும் விலக்கு.

நம்மவர் கடனுக்கு வாயில் எது? குடி, சூது என்று மற்ற மேடைகளில் பேசுவர். நம் குடும்பங்களில் நான் காண்பவை வேறு. திருமணம் ஒன்று. சூன் மாதப் பள்ளி, கல்லூரிக் கட்டணம் ஒன்று. வெள்ளம் மற்றொன்று. 2023 திசம்பர் மிக்சாம் புயலில் இப்பகுதியின் தாழ்ந்த தெருக்களில் நீர் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. அரசு தந்த நிவாரணம் 6,000 ரூபாய். நனைந்த மெத்தைக்கும் குளிர்பெட்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் அது எம்மூலைக்கு? மீதி கடனாயிற்று. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இன்னொரு வாயில் உண்டு. அதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பர். நோன்பு நிறைவு விழாவுக்கும் ஊர்க் கோயில் திருப்பணிக்கும் கடன் வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே வளர்ந்திருக்கிறது. கல்வெட்டுப் பலகையில் பெயர் வர வேண்டும், பந்தியில் குறை வரக்கூடாது. மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பை ஏற்றவர், அந்நோன்பின் நிறைவைக் கொண்டாட மூன்று வட்டிக்குப் பணம் வாங்குவது எனக்கு விளங்காத ஒன்று. அந்த அன்னதானத்தின் புண்ணியம் விருந்திட்டவரைச் சேருமா, வட்டிக்காரரைச் சேருமா என்று முனிவர்களிடம் கேட்க வேண்டும்.

அஞ்சியிருப்போர்க்குச் சட்டம் பற்றியும் சில சொல்ல வேண்டும். கடன் கட்ட முடியாமற் போவது குற்றமன்று. ஏமாற்றும் எண்ணம் இன்றி, வெறும் இயலாமையால் கட்டாதவரைச் சிறையிலடைப்பது முறையன்று என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்ணைக் கைது செய்யவே இயலாது என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ளது. உழைப்பாளியின் கூலி, கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றைச் சப்தி செய்வதற்கும் அச்சட்டத்தில் தடை உண்டு. தையல் இயந்திரத்தைத் தூக்கிச் செல்வேன் என்பவரிடம் இதைச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் 2003-இல் வந்த மிகைவட்டித் தடைச் சட்டம், நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் தெருச் சொற்களையே எடுத்து எழுதியிருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, முப்பதாயிரம் வரை தண்டம். அரசு நிர்ணயித்த வட்டியோடு பாக்கித் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுத் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரும் வழியும் அதில் உண்டு. சட்டம் இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்கிரையானதை நாடறியும். சட்டம் தானாக வீடு தேடி வராது. எழுத்தில் மனு கொடுத்தால்தான் நகரும். 2025-இல், கடன் நிறுவனங்கள் அச்சுறுத்தி வசூலிப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் ஒன்றையும் நம் சட்டமன்றம் நிறைவேற்றியது. வங்கி, நிதி நிறுவன முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. கைப்பேசிச் செயலி வழியாகக் கடன் தருவோர் உங்கள் தொடர்பு எண்களை எடுப்பதற்கு விதி இடம் தரவில்லை. நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு முப்பது நாளில் தீர்வு வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உதவிக்கு 14448 என்னும் எண். உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். வெற்றுக் காசோலையும் தொகை எழுதாத பத்திரமும் மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டா. நெருங்கிய உறவினர் கேட்டாலும் வேண்டா.

இதையெல்லாம் தனியொரு குடும்பம் தாங்கிச் செய்ய வேண்டுமா? வேண்டுவதில்லை. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தபோது, நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது எங்கே தெரியுமா? நம் திருப்பருத்திக்குன்றத்துக்கு அண்டையில், காஞ்சிபுரத்தில். 1978-இல் இச்சென்னையில் செயா அருணாசலம் தொடங்கிய 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்', பூக்காரர், காய்கறி விற்போர், மீன் விற்போர் ஆகிய பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து, ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்கச் செய்து, வட்டிக்காரரிடமிருந்து வங்கிக்கு மாற்றியது. அவர்களிடம் அடகு வைக்க ஏதுமில்லை. ஒருவர் கடன் மற்றவர்க்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அறங்காவலர்களிடம் என் வேண்டுகோள். மேற்சொன்ன கற்பனைக் குடும்பத்தின் கணக்கில் ஒரு முடிச்சு இருக்கிறது. கூர்ந்து கேட்டவர்கள் கண்டிருப்பீர்கள். நகையை மீட்டால்தான் வங்கியில் வைக்க முடியும். வங்கியில் வைத்தால்தான் மீட்கப் பணம் கிடைக்கும். இடையில் ஒரு நாள், 1,20,000 ரூபாய் தேவை. அந்த ஒரு நாள் இல்லாமையால் ஆண்டுக்கணக்கில் இரண்டு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் இப்பகுதியில் பல. அந்த ஒரு நாளுக்கும் வட்டி வாங்கும் இடைத்தரகர் இருக்கின்றனர்.

நம் அறக்கட்டளை இரண்டு லட்ச ரூபாயை 'ஒருநாள் கைமாற்று' என்று தனியே ஒதுக்க வேண்டும். வட்டி வேண்டா. காலையில் அறங்காவலர் இருவர் அக்குடும்பத்தோடு நகைக்கடன் நிறுவனத்துக்குச் செல்வர், நகையை மீட்பர், அங்கிருந்து நேரே வங்கிக்குச் செல்வர், மாலைக்குள் தொகை அறக்கட்டளைக்குத் திரும்பிவிடும். வங்கியில் முதல் நாளே பேசி மதிப்பை உறுதி செய்துகொள்ள வேண்டும். பணம் செலவாகாது, சுழலும். வாரம் ஒரு குடும்பம் என்றால் ஆண்டுக்கு ஐம்பது குடும்பம். கல்வி உதவித் தொகையையும் ஆகத்து மாதத்தில் மேடை போட்டு வழங்குவதற்குப் பதிலாக ஏப்பிரலிலேயே வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டால், சூன் மாதத் தண்டல் பல வீடுகளில் நிகழாமலே போகும். புகைப்படம் எடுக்க ஆகத்தில் ஒரு நாளை வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒப்புதல் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், நான் சொன்ன முறையில் கட்டம் கட்டிய தாள்கள் நூறு படி எடுத்து வந்திருக்கிறேன். வாயிலருகே, செருப்பு விடும் இடத்துக்கு வலப்பக்கம், மேசைமேல் இருக்கின்றன. அவற்றில் பெயர் எழுதும் கட்டம் இல்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வீட்டில் அமர்ந்து எழுதுங்கள். வட்டியை மாதக் கணக்குக்கு மாற்றத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மண்டபத்துக்கு வரலாம். நானும், வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் அன்பர் இருவரும் இருப்போம்.